கைராசிக்காரி

ஜனவரி 12, திங்கள்

கூட்டுறவு வங்கியில் ஓசி டைரி இரண்டு கொடுத்தார்கள். ஒன்றை என் வீட்டுக்காரர், இவர், பவர் ஹவுஸுக்கு எடுத்துப்போய் டீக் கிளாஸ் வைக்கப் பயன்படுத்துகிறார். மற்றது அலமாரியில் சும்மா கிடந்தது. இன்று பிரித்தேன். முதல் பக்கத்தில் பெயர் கேட்டிருந்தது: தவமணி மாடசாமி. ஊர்: கண்டல் தீவு, அந்தமான். தொழில் என்ற இடத்தில் 'கைடு' என்று எழுதினேன். ரொம்பச் சின்னதாக இருக்கிறதே என்று 'கடல் கைடு' என்று திருத்தினேன்.

இன்று ஈரோட்டுக் குடும்பம் ஒன்று, பெங்களூர்ப் பையன்கள் சிலர். எப்போதும்போலக் காலையில் காட்டுக்குள் நடந்து அருவிக் குளியல், மதியம் மணலில் உட்கார்ந்து சாப்பாட்டுப் பொட்டலம், பிற்பகல் பச்சைத்துறையில் மாஸ்க் மாட்டிக் கடலுக்குள் ஆமையும் பவளமும். 'ஒரே நாளில் மூன்றும்' என்பதுதான் எங்கள் முதலாளி குணாளன் சாரின் வியாபாரம். ஆனால் அருவி இந்த வருடம் சீக்கிரமே மெலிந்துவிட்டது. ஈரோட்டு அம்மா அண்ணாந்து பார்த்துவிட்டு, "எங்க மொட்டமாடித் தொட்டி நெறஞ்சு வழிஞ்சா இதவிட ஜாஸ்தி ஊத்துமுங்க" என்றார். அவர்மேல் தப்பில்லை. நானே அதன் கீழே நின்றால் பாதி முதுகுதான் நனைகிறது.

ஆமை காப்பாற்றியது. நான் முக்குளித்துக் கையை நீட்டினேன், வந்துவிட்டது. இன்னாசி அண்ணன் படகிலிருந்து, "அத்த வந்துட்டா! எல்லாரும் மரியாதையா நில்லுங்க!" என்று கத்தினார். அத்தை என்பது அவர் வைத்த பெயர். பெரிய பச்சை ஆமை, இடது துடுப்பில் ஒரு வெட்டு, யாரையும் சட்டை பண்ணாத நடை. கரையேறியதும் ஈரோட்டு அம்மா என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "கைராசிக்காரி சாமி நீ" என்றார்.

வரும் வழியில் கடையில் ஒரு கோஸ் வாங்கினேன்.

ஜனவரி 13, செவ்வாய்

தெளிந்த தண்ணீர். ஆமை வந்தது. துணி துவைக்கவில்லை.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். விடுமுறை என்று பெயர்தான், படகு கிளம்பும் ஜெட்டியில் கால் வைக்க இடமில்லை. விடியும் முன்பே குக்கரில் பொங்கல் வைத்தேன். விசில் வந்ததும் இவரே தனியாக "பொங்கலோ பொங்கல்" சொல்லிக்கொண்டார்.

ஃபிரிட்ஜைத் திறந்து நின்றுகொண்டு, "ஏட்டி தவமணி, திங்கக்கெழம முழுக் கோஸ் கெடந்துச்சு. இன்னிக்குப் பாதிதான் கெடக்கு. பொரியலும் கண்ணுல படல, கூட்டும் கண்ணுல படல" என்றார்.

"சாப்பாட்டுப் பொட்டலத்துக்குக் குடுத்தேன்" என்றேன்.

இவருக்குக் கோஸ் என்றாலே ஆகாது. அதனால் மேற்கொண்டு விசாரணை இல்லை.

ஜனவரி 20, செவ்வாய்

குணாளன் சார் ஜெட்டியில் புதுப் பலகை வைத்திருக்கிறார். 'கைராசி தவமணியுடன் ஒரு நாள்! அருவி, ஆமை, பவளம்!' பக்கத்தில் என் படம். மாஸ்க் மாட்டிய முகம். பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது. ஆனாலும் இரண்டு தடவை அந்தப் பக்கமாகப் போய் வந்தேன்.

பக்கத்து ஜெட்டிக் கம்பெனிக்காரர்கள் அதே பச்சைத்துறைக்குத்தான் வருகிறார்கள். அவர்கள் ஆட்கள் வெறும் மணலைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். இன்று அவர்களுடைய கைடு என்னிடம், "அக்கா, நீங்க எதும் மந்திரம் வச்சிருக்கீங்களா?" என்று கேட்டான். சிரித்து வைத்தேன்.

இன்னாசி அண்ணன் பலகையைப் பார்த்துவிட்டு, "தங்கச்சி, இதுக்கு எவனாவது மால போட்டுரப் போறான். பெறகு நீ செத்துட்டன்னு ஊரே நெனச்சுக்கிடும்" என்றார். அவர் தூத்துக்குடிப் பக்கம். கல்யாணமான புதிதில் இந்தத் தீவுக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவர். படகு அவருடையது. பொம்பளையைக் கடலில் இறக்கினால் ஆட்கள் நம்பி வருவார்களா என்று குணாளன் சார் இழுத்தபோது, "தவமணி வந்தா எம் படகு வரும், இல்லன்னா வேற படகு பாத்துக்கிடுங்க" என்று ஒரே போடாகப் போட்டவர். நான் அதற்கு இன்றுவரை நன்றி என்று வாய் திறந்து சொன்னதில்லை. சொன்னால் கேலி செய்வார்.

ஜனவரி 24, சனி

இப்போதெல்லாம் எஞ்சின் அணையும் முன்பே அத்தை படகுக்குப் பக்கத்தில் வந்து தலையைத் தூக்குகிறது. இன்று நான் இறங்கியதும் இடுப்பில் ஒரு முட்டு முட்டியது. வலித்தது. ஆட்கள் கைதட்டினார்கள்.

இன்னாசி அண்ணன் தாடியைச் சொறிந்துகொண்டு, "முன்னெல்லாம் நம்ம நெழலக் கண்டாலே ஓடுவா. இப்ப கடன்காரன் கணக்கா வந்து நிக்கா. என்ன மாயமோ" என்றார்.

"அத்தைக்கு வயசாகுதுல்லா அண்ணே. பேச்சுத் துணைக்கு வருது" என்றேன். அவரும் சிரித்தார், நானும் சிரித்தேன். மாஸ்க் எல்லாவற்றையும் நானே அலசி வைத்தேன்.

ஜனவரி 28, புதன்

காற்று. இரண்டு நாளாக ட்ரிப் இல்லை. போர்ட் பிளேரிலிருந்து காய்கறிக் கப்பலும் வரவில்லை. கடையில் பூசணியும் சேனையும் உருளையும் மட்டும் பல்லிளிக்கின்றன. கோஸ் எப்போது வரும் என்று கேட்டேன். கப்பலைக் கேளுங்கள் என்றார் கடைக்காரர். கீரையாவது உண்டா என்று கேட்டேன், அதுவும் இல்லை.

ஜனவரி 30, வெள்ளி

காற்று அடங்கியது, போனோம். கோயம்புத்தூர்ப் பெண் ஒருத்திக்கு விரலில் காயம். ஆமை கடித்துவிட்டது. மண்டை வலிக்கிறது. நாளை எழுதுகிறேன்.

ஜனவரி 31, சனி

அவள் பெயர் சாருலதா. கல்யாணமான புதிது. புருஷன் கண்ணாடி போட்ட ஒல்லிப் பையன். அருவியில் ஒரு செம்புத் தண்ணீர் விழுந்ததற்கே இரண்டு பேரும் குழந்தைகள் மாதிரிக் குதித்தார்கள். குறை சொல்லத் தெரியாத ஜோடி. படகில் ஏறும்போது என் கையைப் பிடித்துக் குலுக்கி, "உங்க ராசி எனக்கும் கொஞ்சம் ஒட்டட்டும்க்கா" என்றாள்.

பச்சைத்துறையில் அத்தை காத்திருந்தது. நேராக என்னிடம் வந்து இடுப்பில் முட்டியது. நான் தள்ளிவிட்டேன். மறுபடி முட்டியது. மறுபடி தள்ளினேன். அப்போது சாருலதா என்னைப் பார்த்து, நான் எப்போதும் நீட்டுவது போலவே, விரல்களை மடக்கிக் கையை நீட்டினாள். ராசி ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கத்தான் நீட்டியிருப்பாள். அத்தை என்னை விட்டுவிட்டு அவளிடம் போனது.

தண்ணீருக்குள் சத்தம் கேட்காது என்பார்கள். எனக்குக் கேட்டது.

மோதிர விரல். எங்கள் தீவு ஆஸ்பத்திரியில் மோதிரத்தை அறுத்து எடுத்துத் தையல் போட்டார்கள். நுனி எலும்பில் விரிசல். உணர்ச்சி திரும்புமா என்று இப்போது சொல்ல முடியாதாம். காலையில் பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தேன். கட்டுப்போட்ட கையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு அவள் என்னைச் சமாதானப்படுத்தினாள். "ஆமை மேல கோவமே இல்லீங்கக்கா. நான்தான் கைய நீட்டித் தொந்தரவு பண்ணீட்டேன். நீங்க மனசு சங்கடப்படாதீங்க."

பழத்தை வைத்துவிட்டு வந்துவிட்டேன். அங்கே வேறு என்ன பேசுவது? ட்ரிப் எல்லாம் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். மதியம் கப்பல் வந்தது. கடைக்காரர் எனக்கென்று நல்ல கோஸாக ஒன்று ஒதுக்கி வைத்திருந்தார். வேண்டாம் என்றேன்.

பிப்ரவரி 2, திங்கள்

வனத்துறையிலிருந்து ரேஞ்சர் பிரமிளா மேடம் வந்திருந்தார். என்னைவிட வயதில் சின்னவர், தமிழ் நன்றாகப் பேசுகிறார். காட்டு ஆமை தானாக மனிதக் கையைத் தேடி வராது, யாரோ தீனி போட்டுப் பழக்கியிருக்கிறார்கள் என்று வந்ததும் சொல்லிவிட்டார். பிறகு படகைச் சோதித்தார்கள். இன்னாசி அண்ணனின் ஐஸ் பெட்டியில் கணவாய்த் துண்டுகள் இருந்தன. அவர் விடியற்காலையில் தூண்டில் போடுகிறவர். அவர் பெட்டியில் இரைக்குக் கணவாய் இல்லாமல் வேறு என்ன இருக்கும்?

குணாளன் சார் அதையே பிடித்துக்கொண்டார். "ஆமக்கறி தின்ன கடக்கரைக்காரன் மேடம். ஆமைன்னா அவனுக்கு ஆடு, கோழி மாதிரி. இவன்தான் போட்டிருப்பான்."

அண்ணன் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். "சின்ன வயசுல தின்னுருக்கேன் மேடம், மறைக்கல. இங்க வந்த பெறகு தொட்டதில்ல. தீனியும் போட்டதில்ல. மாதா மேல ஆண."

மேடம் என்னிடம் கேட்டார். "நீங்க எதுவும் பாத்தீங்களா?"

"நான் தண்ணிக்குள்ள இருந்தேன் மேடம். படகுல என்ன நடந்துச்சுன்னு கவனிக்கல" என்றேன்.

இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. ஆட்களை ஏற்றுவதற்கான அண்ணனின் பாஸை விசாரணை முடியும்வரை மேடம் வாங்கி வைத்துக்கொண்டார்.

பிப்ரவரி 4, புதன்

குணாளன் சார் வீட்டுக்கே வந்தார். காப்பி கொடுத்தேன். "நீ கண்ணால பாத்தேன்னு ஒரு வார்த்த சொல்லிட்டாக் கேஸ் முடிஞ்சுது தவமணி. கம்பெனியும் பொழச்சுக்கும், நீயும் பொழச்சுக்குவ. அவனுக்கென்ன, மீன் புடிச்சுப் பொழச்சுக்குவான்" என்றார்.

அண்ணனால் இனி மீன் பிடித்துப் பிழைக்க முடியாது. போன வருடம் ஜெட்டியில் விழுந்ததில் வலது தோள் இறங்கிவிட்டது. தூண்டில் போடலாம், வலை இழுக்க முடியாது. அதனால்தான் படகை ட்ரிப்புக்கு விட்டார். பாஸ் போனால் படகு மணலில்தான் கிடக்கும். இது குணாளன் சாருக்கும் தெரியும்.

"பாக்காததப் பாத்தேன்னு எப்புடி சார் சொல்ல?" என்றேன். நியாயமான ஆள் மாதிரிப் பேசினேன். எனக்கே என் குரல் பிடிக்கவில்லை.

பிப்ரவரி 5, வியாழன்

சாயங்காலம் இன்னாசி அண்ணன் வந்தார். ஓலையில் சுற்றிய விளமீன், முழங்கை நீளம், கண் இன்னும் மினுங்கியது.

"அண்ணே, எதுக்கு இதெல்லாம்?"

"குணாளன் ஒங்கிட்ட வந்தான்னு கேள்விப்பட்டேன். நீ ஒத்துக்கிடலன்னும் கேள்விப்பட்டேன். தீவுல எனக்காவ நிக்குறது நீ ஒருத்திதான் தங்கச்சி" என்றார். கண் கலங்கியதை மறைக்கத் தெரியாமல், "கொழம்பு வைக்காத, பொரிச்சுத் தின்னுங்க" என்று அதட்டிவிட்டுப் போனார்.

பொரித்தேன். இவர் முள்ளைக்கூட விடாமல் சாப்பிட்டுவிட்டு, இப்படி மீன் தின்று எத்தனை நாளாயிற்று என்றார். எனக்குத் தலைவலி. சாப்பிடவில்லை.

பிப்ரவரி 6, வெள்ளி

எழுதிவிடுகிறேன். எழுதினால் கொஞ்சம் குறையுமா பார்ப்போம்.

டிசம்பரில் ஒரு நாள். திருச்சியிலிருந்து ஒரு வயசான தம்பதி. இத்தனை தூரம் வந்தும் ஆமை கண்ணில் படவில்லை. அந்த அம்மா படகில் உட்கார்ந்து, "எங்களுக்குக் குடுத்து வைக்கல" என்றார். என் சாப்பாட்டுப் பொட்டலத்தில் வெங்காயத்தோடு ஒரு கோஸ் இலை இருந்தது. அதை எடுத்துக்கொண்டு மறுபடி முக்குளித்தேன். தூரத்தில் கடல்புல் மேய்ந்துகொண்டிருந்த ஆமைக்கு, சும்மா, அந்த இலையைக் காட்டினேன். வந்தது. தின்றது. அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அன்றைக்குத்தான் முதன்முதலாக ஒருவர் என்னைக் கைராசிக்காரி என்றார்.

அந்த வார்த்தைதான் என்னைக் கெடுத்தது. மறுநாள் வீட்டிலிருந்தே இலை எடுத்துப் போனேன். அப்புறம் இடுப்பில் ஒரு சின்னப் பை கட்டிக்கொண்டேன், இடது பக்கம். முக்குளிக்கும்போது மேலே இருப்பவர்களுக்குத் தெரியாமல் ஓர் இலையை மடக்கி உள்ளங்கையில் வைத்துக்கொள்வேன். அவர்கள் கண்ணுக்கு நான் கை நீட்டுவது மட்டும்தான் தெரியும். காட்டு உயிருக்குத் தீனி போடக் கூடாது என்று படகில் ஏறியதும் எல்லோருக்கும் சொல்கிறவளும் நான்தான். ஒப்பிக்கும்போது குரல் ஒரு நாளும் தடுமாறியதில்லை.

கப்பல் வராத நாளில் பை காலி. அத்தைக்குக் கப்பலைப் பற்றித் தெரியுமா?

எழுதியும் குறையவில்லை.

பிப்ரவரி 8, ஞாயிறு

குளியலறை வாளிக்குப் பின்னால் மறைத்து வைத்திருந்த பையை இவர் எடுத்துவிட்டார். நாற்றம் எங்கிருந்து வருகிறது என்று தேடியிருக்கிறார். பையின் மடிப்பில் ஒட்டி அழுகிப்போயிருந்த பழைய கோஸ் இலையை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு அடுப்படி வாசலில் நின்றார். கத்துவார் என்று நினைத்தேன்.

"பொட்டலத்துக்குக் குடுத்தேன்னு சொன்ன" என்றார்.

நான் அடுப்பை அணைத்தேன்.

"அன்னிக்கு நான் தின்ன மீனு... அது இன்னாசி குடுத்ததுல்லா?"

"ஆமா."

இலையைக் குப்பையில் போட்டுவிட்டுக் கையைச் சோப்பு போட்டு வெகுநேரம் கழுவினார். ராத்திரி ஷிஃப்டுக்குக் கிளம்பும்போது மட்டும், "நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன். ஆனா எனக்குச் சோறு எறங்கல தவமணி" என்றார்.

பிப்ரவரி 10, செவ்வாய்

ரேஞ்சர் மேடம் எங்கள் மூன்று பேரையும் ஜெட்டிக்கு வரச் சொன்னார். நாளை மறுநாள் பச்சைத்துறைக்குப் போகிறோம். ட்ரிப்பில் வேலை செய்கிற எல்லோரும் ஒவ்வொருவராகத் தண்ணீரில் இறங்க வேண்டும்.

"யாரு தீனி போட்டதுன்னு உங்கள்ல யாரும் சொல்ல வேணாம். ஆமை சொல்லும்" என்றார்.

"எனக்கு நீச்சல் தெரியாது மேடம்" என்றார் குணாளன் சார்.

"லைஃப் ஜாக்கெட் உங்க கம்பெனியிலயே இருக்குமே."

இன்னாசி அண்ணன் முகத்தில் பல நாளைக்குப் பிறகு வெளிச்சம். "இதத்தான் நான் வேண்டிக்கிட்டேன் மேடம். அத்தயே சொல்லட்டும்" என்றார்.

நான், காதில் சீழ், டாக்டர் தண்ணீரில் இறங்கக் கூடாது என்றார் என்று சொன்னேன். மேடம் என்னை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, சரி, படகில் வந்தால் போதும் என்றார். வரும் வழியில் மருந்துக்கடையில் பஞ்சு வாங்கினேன்.

பிப்ரவரி 12, வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

படகில் நான்கு பேர். மேடம் முன்னால், குணாளன் சார் நடுவில், அண்ணன் எஞ்சினில், நான் காதில் பஞ்சோடு ஓர் ஓரத்தில். கடல் தட்டையாகக் கிடந்தது. எஞ்சினை அணைத்தோம்.

முதலில் குணாளன் சார். லைஃப் ஜாக்கெட்டில் கழுத்து மறைந்து, படகின் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "போதுமா மேடம், போதுமா மேடம்" என்று கேட்டுக்கொண்டே மிதந்தார். வேறொரு நாளாக இருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பேன். ஆமை வரவில்லை.

அடுத்து அண்ணன். சட்டையைக் கழற்றினார். கழுத்தில் கிடந்த சிலுவையைப் பல்லில் கடித்துக்கொண்டு இறங்கினார். கொஞ்ச நேரத்தில் தூரத்தில் ஒரு தலை தெரிந்தது. எஞ்சின் சத்தம் கேட்டு வந்திருக்கிறது, பாவம். எத்தனை நாளாக யாரும் வரவில்லையே. படகைச் சுற்றி ஒரு வட்டம் அடித்தது. பிறகு தண்ணீரில் இருந்த ஒரே ஆளைப் பார்த்து, அவரை நோக்கி வந்தது. கை எட்டும் தூரத்தில் நின்று அவர் கைகளைப் பார்த்தது.

"பாத்தீங்களா மேடம், பாத்தீங்களா!" என்றார் குணாளன் சார்.

மேடம் பெருமூச்சு விட்டார்.

அண்ணனுக்குப் புரிந்துவிட்டது. சிலுவை வாயிலிருந்து விழுந்தது. "அத்த... போத்தா. எங்கிட்ட என்ன இருக்கு? போ, தாயி, போ" என்று அதனிடம் கெஞ்சினார். அது போகவில்லை. அவர் நிமிர்ந்து, படகில் இருந்த எங்களில் என்னை மட்டும் பார்த்தார். சந்தேகப்பட்டுப் பார்க்கவில்லை. தனக்காக நிற்பவள் நான் ஒருத்திதான் என்ற நம்பிக்கையோடு பார்த்தார். திட்டியிருந்தால்கூட உட்கார்ந்தே இருந்திருப்பேன். அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை.

காதிலிருந்து பஞ்சை எடுத்தேன். மாஸ்க் மாட்டவில்லை. போட்டிருந்த சுடிதாரோடு இறங்கினேன்.

அத்தை தலையைத் திருப்பியது. அவ்வளவுதான். அண்ணனை அப்படியே விட்டுவிட்டு வந்தது. நேராக என் இடது இடுப்பு. பை இல்லாத இடத்தில் முட்டியது. மறுபடி முட்டியது. துணியை வாயால் பிடித்து இழுத்துப் பார்த்தது. நான் விரல்களை விரித்து வெறுங்கையைக் காட்டினேன். அதற்கு விரித்த கை பழக்கமில்லை. மூடிய கை எப்போது வரும் என்று காத்துக்கொண்டு நின்றது.

படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மேடத்தைப் பார்த்துச் சொன்னேன். "கோஸ் மேடம். கணவாய் இல்ல. டிசம்பர்லேருந்து நான்தான் போட்டேன். அன்னிக்குக் கப்பல் வரல, எங்கிட்ட இல்ல. அதனாலதான் அந்தப் பிள்ளையக் கடிச்சுது."

திரும்பி வரும்போது குணாளன் சார் என்னை என்னென்னவோ சொன்னார். பலகைக்குச் செலவழித்ததைப் பற்றியும் சொன்னார். எதுவும் மனதில் நிற்கவில்லை. அண்ணன் எஞ்சின் பிடியைப் பார்த்துக்கொண்டே ஓட்டினார். ஜெட்டியில் எல்லோரும் இறங்கிப்போன பிறகு, கயிற்றைக் கட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"மீனக் கொண்டாந்தேனே. அன்னிக்காவது சொல்லிருக்கலாம்."

பிப்ரவரி 13, வெள்ளி

என் கைடு பாஸ் ரத்து. இனிமேல் கிடைக்காது. பச்சைத்துறையில் யாரும் இறங்கக் கூடாது, அந்த ஆமை மனிதர்களை மறக்கும்வரை. அண்ணனுக்குப் பாஸ் திரும்பக் கிடைத்துவிட்டது.

பிப்ரவரி 14, சனி

சாருலதாவுக்குப் போன் செய்தேன். முழுவதையும் சொன்னேன். நடுவில் அவள் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. கடைசியில், "சரிங்கக்கா" என்றாள். விரல் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "மரத்தாப்பலயே இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். ஆமைமேல் கோபமில்லை என்று அன்று சொன்னவள், இன்று என்னிடம் அப்படி எதுவும் சொல்லவில்லை. சொல்லாதது சரிதான்.

பிப்ரவரி 19, வியாழன்

ஜெட்டி மெஸ்ஸில் வேலைக்குச் சேர்ந்து மூன்று நாள் ஆகிறது. ட்ரிப்புக்கான சாப்பாட்டுப் பொட்டலம் கட்டுவது. குணாளன் சார் ஆட்களை இப்போது அருவிக்கும் வேறொரு பவளத் திட்டுக்கும் அனுப்புகிறார். காலையில் பொட்டலக் கூடையை எடுக்க அண்ணன்தான் வருகிறார். கூடையை எடுப்பார், போவார். நான் அங்கே இருப்பதாகவே தெரியாது அவருக்கு.

என் படம் இருந்த பலகையைக் கவிழ்த்து மீன் உலர்த்த வைத்திருக்கிறார்கள்.

பிப்ரவரி 26, வியாழன்

இவர் இன்று என் கையால் சாதம் போடச் சொல்லி, மறுசோறும் கேட்டார். வேறு விசேஷமில்லை.

மார்ச் 3, செவ்வாய்

மெஸ் அக்கா சொல்லித்தான் தெரிந்தது. வாரம் ஒரு தடவை ரேஞ்சர் மேடத்தை அண்ணன் பச்சைத்துறைக்குக் கூட்டிப்போகிறாராம். எஞ்சினை அணைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பார்களாம். அத்தை இன்னும் வருகிறதாம். படகு ஓரத்தில் தலையைத் தூக்கிக்கொண்டு வெகுநேரம் நிற்கிறதாம்.

நான் அதற்குச் செய்ததிலேயே கெட்டது அந்தக் கடி இல்லை என்று இப்போது தோன்றுகிறது. அதைக் காத்திருக்கப் பழக்கினேனே, அதுதான். ஒரு நாள் வேறு எவனாவது படகு ஓட்டிக்கொண்டு போவான், அது சத்தம் கேட்டு வரும். நினைத்தால் சோறு கிளறும் கை நின்றுவிடுகிறது.

மார்ச் 11, புதன்

நேற்றுக் கப்பல் வந்தது. மெஸ் அக்கா மூட்டை கோஸ் இறக்கிவிட்டார். இத்தனை நாள் எதையாவது சொல்லித் தட்டிக்கழித்தேன். இன்று முடியவில்லை. நானே நறுக்கி, தேங்காய் போட்டுப் பொரியல் செய்து, பொட்டலத்தில் வைத்துக் கட்டினேன்.

அண்ணன் வந்தார். கூடையைத் தூக்கினார். போகாமல் நின்றார்.

"நேத்து மேடத்தோட போனோம்" என்றார். சுவரைப் பார்த்துத்தான் சொன்னார். "அத்த வரல. எஞ்சினப் போட்டுப் போட்டு அணச்சுப் பாத்தோம். தூரத்துல புல்லு மேஞ்சுக்கிட்டுக் கெடந்தா. தலயத் தூக்கி ஒரு பார்வ பாத்தா. பெறகு அவ பாட்டுக்குத் தின்னா."

சந்தோஷமாக இருந்தது. அழுகையும் வந்தது. என்னை மறந்துவிட்டது என்பதற்கு ஒருத்தி இத்தனை சந்தோஷப்பட முடியும் என்று எனக்குத் தெரியாது.

"நல்லதுதானண்ணே" என்றேன்.

"நல்லதுதான்."

கூடையிலிருந்து தன் பொட்டலத்தை எடுத்து ஒரு மூலையைப் பிரித்துப் பார்த்தார். இந்த மூன்று வாரமும் அவர் அப்படிச் செய்ததில்லை.

"கோஸா?" என்றார்.

தலையை ஆட்டினேன்.

"தெனமும் போட்டுப் பழக்கிராத" என்று சொல்லிவிட்டு, கூடையை நல்ல தோளில் ஏற்றிக்கொண்டு படகுக்குப் போனார். கேலியா, கோபமா என்று தெரியவில்லை. முகத்தைப் பார்ப்பதற்குள் திரும்பிவிட்டார். நாளைக்கு வாழைக்காய் வைக்கலாம் என்றிருக்கிறேன்.